பல்தடமும் மெருகுச் சக்கரமும்

பழைய சுங்கான்களைச் சேகரிப்பவர்கள் மத்தியில் ஒரு சொல் நெடுநாளாக அதிகாரம் செலுத்தி வருகிறது. ‘மீட்டெடுப்பு’ என்பது அச்சொல். லண்டனிலோ டப்ளினிலோ பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலோ அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டு, யாரோ ஒருவரின் ஆயிரக்கணக்கான மாலைகளில் புகைந்து, அவர் இறந்தபின் பிள்ளைகளால் பெட்டியோடு விற்கப்பட்ட ஒரு பொருளை எடுத்துச் சுரண்டி, தேய்த்து, சாயமேற்றி, சக்கரத்தில் கொடுத்து மினுக்கி, ‘நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தது போல’ ஆக்கிக் காட்டுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் ‘மறுவாழ்வு’ என்கிறார்கள். இந்த மறுவாழ்வு பெரும்பாலான சமயங்களில் ஒரு கொலை என்பதே எங்கள் கட்சி.

(சுங்கான் என்ற நல்ல சொல் கைவசம் இருக்க, பைப் என்று சொல்லித் தண்ணீர்க் குழாயோடு குழப்பிக்கொள்வதில் எங்களுக்கு விருப்பமில்லை. பழகாத நண்பர்கள் பொறுத்தருள்க.)

இலக்கியத்துக்கும் சுங்கானுக்கும் என்ன ஒட்டு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பிரதியை வாசிப்பதுபற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். சிதைந்த ஏட்டில் எழுத்து விடுபட்ட இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியரைப் போற்றுகிறோம். அந்த இடத்தில் தன் சொந்தச் சரக்கை நிரப்பிவிட்டு மூலபாடம் இதுவே என்று சாதிப்பவரைக் கண்டிக்கிறோம். ஏட்டுக்கு ஒரு நியாயம், மரத்துக்கு இன்னொரு நியாயம் இருக்க முடியாது. கைபட்டுத் தேய்ந்த எந்தப் பொருளும் வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு பிரதிதான்.

அப்படி வாசிக்கத் தெரிந்த ஒருவன் இலக்கியத்திலேயே இருக்கிறான். ஆர்தர் கானன் டாயில் 1893இல் வெளியிட்ட ‘மஞ்சள் முகம்’ கதையின் தொடக்கத்தை நினைவுகூர்வோம். ஹோம்ஸும் வாட்சனும் வெளியே போயிருந்த நேரத்தில் வந்து காத்திருந்த ஒருவர், பொறுமையிழந்து கிளம்பும்போது தன் சுங்கானை மேசைமீது மறந்துவிட்டுப் போய்விடுகிறார். அதைக் கையிலெடுத்த ஹோம்ஸ், வந்தவர் இடதுகைப் பழக்கமுள்ளவர், வலுவான பற்களை உடையவர், காசுக்குக் கணக்குப் பார்க்காதவர், இந்தச் சுங்கானை மிகவும் நேசிப்பவர் என்று அடுக்குகிறார். எதைக் கொண்டு? கிண்ணத்தின் ஒரு பக்கம் மட்டும் கருகியிருப்பதைக் கொண்டு. அம்பர் வாய்க்குழலில் பதிந்த பற்களின் தடத்தைக் கொண்டு. உள்ளே எஞ்சிய புகையிலையைக் கொண்டு. இரண்டு முறை உடைந்தபோதும் வெள்ளிப் பட்டை போட்டு ஒட்டியிருப்பதைக் கொண்டு. இந்தச் சுங்கான் பேக்கர் தெருவுக்கு வரும் வழியில் ஒரு மீட்டெடுப்பாளரின் கையில் ஒரு மாலைப்பொழுது சிக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? கருகிய விளிம்பு உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்யப்பட்டிருக்கும். பல்தடம் பசையால் நிரப்பப்பட்டிருக்கும். கிண்ணத்தின் உட்புறம் பளிங்குபோல் துடைக்கப்பட்டிருக்கும். ஹோம்ஸ் கையை விரித்திருப்பார்.

இதே கதை இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. அந்த வெள்ளிப் பட்டைகளின் விலை சுங்கானின் விலையைவிட அதிகம் என்கிறார் ஹோம்ஸ். புதிது வாங்காமல் பழையதையே கட்டிப்போட்டு வைத்துக்கொண்ட மனிதரின் மனம் அந்தப் பட்டையில் தெரிகிறது. பழுதுபார்த்தல் என்பது இது. உடைந்தது என்பதை அது ஒளிப்பதில்லை. மீட்டெடுப்போ உடையவே இல்லை என்று பொய்ச்சாட்சி சொல்கிறது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, ‘நாங்கள் பழுதுதானே பார்க்கிறோம்’ என்று வாதாடுபவர்களோடுதான் எங்கள் வழக்கு.

சுங்கான் எதனால் ஆனது என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். நல்ல சுங்கான்களில் மிகப் பெரும்பாலானவை பிரையர் என்னும் மரத்தால் ஆனவை. பொதுவாக மரம் என்கிறோமே தவிர, அது தண்டோ கிளையோ அல்ல. மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் அடியில், வேருக்கும் தண்டுக்கும் இடையே புடைத்து நிற்கும் முண்டு. அடிக்கடி காட்டுத்தீ பரவும் நிலத்தில் மேலே எல்லாம் எரிந்துபோனாலும் மீண்டும் துளிர்ப்பதற்காகச் செடி சேமித்து வைத்திருக்கும் உயிர்ப்பகுதி அது. நெருப்பைத் தாங்கக் கற்றுக்கொண்ட கட்டையில் மனிதன் நெருப்பை வைத்துப் புகைத்தான். முண்டு பக்குவமாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். கோர்சிகாவிலும் கலாப்ரியாவிலும் அல்ஜீரியாவிலும் அதைத் தோண்டியெடுத்தவர்கள் வெடித்துவிடாதபடி ஈரத்தில் வைத்திருந்து, துண்டுகளாக அறுத்து, மணிக்கணக்கில் கொதிநீரில் வேகவைத்து, மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உலர்த்தினார்கள். பிறகே அது ஜூரா மலைகளிலிருக்கும் சேன் கிளோத் நகரத்துக் கடைசல்காரர்களிடம் வந்தது. ஜெபமாலை மணியும் மரச்சாமானும் கடைந்துகொண்டிருந்த அந்த ஊர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரையரைக் கையிலெடுத்துச் சுங்கானுக்குத் தலைநகராயிற்று.

இந்த வரலாற்றில் முதலாளிகளின் பெயர்கள் உண்டு, கடைகளின் பெயர்கள் உண்டு. தோண்டியவர்களின் பெயர் இல்லை. ‘அல்ஜீரிய பிரையர்’ என்று சந்தையில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்களே, 1830 முதல் 1962 வரை பிரான்சின் காலனியாக இருந்த மண்ணிலிருந்து எடுத்த முண்டு அது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்? பெயரில்லாத அந்த உழைப்பாளிகள் விட்டுச்சென்ற ஒரே ஆவணம் பொருள்தான். தண்டின் உட்புறத்தில் துளைக்கருவி சற்றே விலகியதன் கோடு, மரத்தின் குழியை மறைக்கத் தொழிற்சாலையிலேயே வைத்த புட்டி, அவசரத்தில் போட்ட அரத்தின் கீறல் ஆகியவையே அவர்கள் கையெழுத்து. மலிவான சுங்கானில் புட்டி அதிகம் இருக்கும். கூலிக்காரர் வாங்கக்கூடிய விலைக்கு அது செய்யப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. மீட்டெடுப்பாளர் முதலில் செய்வது அந்தப் புட்டியைத் தோண்டியெறிந்து, மரத்தூளையும் சயனோஅக்ரிலேட் பசையையும் குழைத்து அடைத்து, மேலே சாயம் பூசுவது. கூலிக்காரரின் சுங்கான் சீமானின் சுங்கானாக வேடம் போட்டுக்கொள்கிறது. இரண்டாம் உலகப்போரில் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டபோது அமெரிக்கர்கள் கலிபோர்னியாவின் மன்சானிட்டா முண்டையும் கிழக்கு மலைகளின் லாரல் முண்டையும் கொண்டு சுங்கான் செய்தார்கள். தட்டுப்பாட்டின் நிறம் அந்த மரத்தில் இருக்கிறது. அடர்ந்த சாயத்தில் முக்கியெடுத்தால் போர்க்காலமும் போய்விடும், மரத்தின் அடையாளமும் போய்விடும்.

முத்திரைகளின் கதை இன்னும் மோசம். டப்ளினின் பீட்டர்சன் சுங்கான்களை எடுத்துக்கொள்வோம். நியூரம்பெர்கிலிருந்து வந்த காப் சகோதரர்களின் கடையில் சேர்ந்த லாட்வியாக்காரர் சார்லஸ் பீட்டர்சன், கிண்ணத்திலிருந்து இறங்கும் ஈரம் வாய்க்கு வராமல் தண்டிலேயே ஒரு குழியில் தங்கும்படி அமைத்து 1890இல் காப்புரிமை பெற்றார். அந்தக் கடையின் சுங்கான்களில் செய்யப்பட்ட நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ‘ஐரிஷ் சுதந்திர அரசு’ என்றிருக்கும். அந்த அரசு இருந்தது 1922 முதல் 1937 வரை. சிலவற்றில் ‘ஏரே’ என்றிருக்கும். 1937இன் அரசமைப்புச் சட்டம் தந்த பெயர். சிலவற்றில் ‘அயர்லாந்துக் குடியரசு’. 1949இல் அந்த நாடு அப்படித் தன்னை அறிவித்துக்கொண்ட பின் வந்தவை. ஒரு நாடு தன் பெயரைத் தானே தேடிக்கொண்ட வரலாறு விரல் நீளத் தண்டில் எழுதப்பட்டிருக்கிறது. மெருகுச் சக்கரத்தின் கீழ் அந்த எழுத்துகள் முதலில் ஓரம் மழுங்கும், பிறகு ஆழம் குறையும், மூன்றாவது கைக்குப் போவதற்குள் சாய்வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்தாலும் ஊகம்தான் மிஞ்சும். வெள்ளிப் பட்டை இருந்தால் அதில் ஹிபெர்னியாவும் முடிசூடிய யாழும் ஆண்டைக் குறிக்கும் ஓரெழுத்தும் இருக்கும். வெள்ளி மிகவும் மென்மையான உலோகம். ஒவ்வொரு மெருகும் ஆண்டெழுத்தில் கொஞ்சத்தைத் தின்கிறது.

லண்டனின் டன்ஹில்லும் அப்படித்தான். 1907இல் டியூக் தெருவில் புகையிலைக் கடை போட்ட ஆல்ஃபிரட் டன்ஹில் 1910இல் சுங்கான் செய்யத் தொடங்கினார். 1912 முதல் வாய்க்குழலின் மேற்புறத்தில் ஒரு வெண்புள்ளி. கையால் செதுக்கிய வாய்க்குழலில் எந்தப் பக்கம் மேலே என்று வாடிக்கையாளருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக வைத்தது, பின்னால் குலச்சின்னமாகிவிட்டது. 1921 முதல் ‘இங்கிலாந்தில் செய்தது’ என்ற வாசகத்தின் பக்கத்தில் ஆண்டைச் சுட்டும் பொடி எண் ஒன்று. அந்த எண் தேய்ந்துபோனால் சுங்கானின் வயதும் தேய்ந்துபோயிற்று. 1812ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொண்ட பார்லிங் நிறுவனத்தின் சுங்கான்களிலோ, குடும்பத்தார் நடத்தியபோது ஒரு முத்திரை, 1960களின் தொடக்கத்தில் அது புகையிலை நிறுவனத்தின் கைக்குப் போனபின் வேறு முத்திரை. எழுத்தின் வடிவம் ஒன்றே வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும். வியாபாரக் கணக்கில் பார்த்தாலும் முத்திரை போனால் முதல் போயிற்று. இது தெரிந்தும் சக்கரத்தில் கொடுப்பவர்களை என்னவென்று சொல்வது?

டன்ஹில் 1917இல் மணல்வீச்சு முறைக்குக் காப்புரிமை கோரினார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பிரையரின் மேற்பரப்பில் மணலை வேகமாக அடித்தால் மென்மையான பகுதி உதிர்ந்து, கடினமான வளையங்கள் மேடாக எழுந்து நிற்கும். சிப்பியைப் போன்ற அந்தப் பரப்பு ‘ஷெல்’ என்ற பெயரில் புகழ்பெற்றது. ஆக்கத்துக்குப் பயன்பட்ட மணல்வீச்சு அது. நம் கோயில்களில் சுத்தம் செய்கிறோம் என்று மணல்வீச்சை ஏவிவிட்டுக் கல்வெட்டுகளை உதிர்த்தவர்களை நாம் அறிவோம். தூண்கள் பளிச்சென்று ஆயின, வாசகங்கள் காணாமல் போயின. சுங்கான் மீட்டெடுப்பாளர் செய்வது அதே திருப்பணிதான், அளவு மட்டும் சிறிது.

இனி வாய்க்குழல். பழைய சுங்கான்களில் பெரும்பாலும் வல்கனைட். ரப்பரோடு நிறைய கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தியது. ஒளியும் ஈரமும் பட்டுப்பட்டு மேற்பரப்பிலிருக்கும் கந்தகம் மாற்றமடைந்து, கருமை மங்கிப் பழுப்பும் பச்சையுமாகிவிடும். வாயில் வைத்தால் கசக்கும் என்பதையும் மறுக்கவில்லை. புகைக்கப்போகிறவர் அந்தப் படலத்தை மெல்ல நீக்கிக்கொள்ளட்டும். ஆனால் அவர்கள் வாய்க்குழலை வெளுப்புத் திரவத்தில் ஊறப்போட்டு மேல்தோலையே உரிக்கிறார்கள். பிறகு உப்புத்தாளில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று நுண்ணிய தாள்களாக அடுக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிபோல் ஆக்குகிறார்கள். பதிக்கப்பட்ட சின்னங்கள் இதில் கரைகின்றன, விளிம்புகள் உருண்டுபோகின்றன, தண்டும் வாய்க்குழலும் சேருமிடத்தில் ஒரு படி விழுந்துவிடுகிறது. பல்தடமோ அவர்களுக்குப் பரம எதிரி. தீயில் காட்டி எழுப்புவார்கள். எழாவிட்டால் கரித்தூளும் பசையும் குழைத்து நிரப்புவார்கள்.

வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் ஐன்ஸ்டைனின் சுங்கான் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. மிக எளிய பிரையர். விலைமதிப்பு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அதன் வாய்க்குழல் கடித்துக் கடித்தே ஓட்டையாகியிருக்கிறது. அந்த மனிதர் எதையோ யோசித்தபடி பல்லுக்கிடையில் அதை வைத்திருந்த மணிநேரங்கள் அத்தனையும் அந்த ஓட்டையில் இருக்கின்றன. அதை அடைத்து மெருகேற்றித் தருகிறேன் என்று ஒருவர் விண்ணப்பித்தால் காவலர்கள் அவரை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். ஐன்ஸ்டைன் என்பதால் அந்த மரியாதை, பெயர் தெரியாத தபால்காரர் என்றால் இல்லை என்பதா? தபால்காரரின் வாழ்வுக்கு வேறு ஆவணம் இல்லை என்பதால் அவருடைய பல்தடத்துக்கு இன்னும் கூடுதல் மரியாதை தரவேண்டும் என்போம்.

எதிர்த்தரப்பு இங்கே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். ‘அடுத்தவன் எச்சிலையா பாதுகாக்கச் சொல்கிறீர்கள்?’ இந்தக் கேள்வியை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. ஆனால் எச்சில் என்று தள்ளுமுன் மேரிலாந்தில் நடந்ததைக் கேட்கவேண்டும். பெல்வார் என்ற பண்ணையில் அடிமைகள் வாழ்ந்த குடியிருப்பை அகழ்ந்தபோது, உடைந்த களிமண் சுங்கானின் தண்டுகள் கிடைத்தன. நுண்துளைகள் நிறைந்த சுடுமண்ணில் ஊறிப்போன உமிழ்நீரிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். முடிவு 2019இல் வெளிவந்தது. சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதைப் புகைத்தவர் ஒரு பெண். இன்றைய சியர்ரா லியோனில் வாழும் மெண்டே மக்களோடு அவருக்கு நெருங்கிய மரபுத் தொடர்பு. கடத்திக்கொண்டுவரப்பட்டு, ஊரும் பேரும் மொழியும் பறிக்கப்பட்ட மக்களின் ஒருத்தி தன் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதை ஒரு துண்டுச் சுடுமண்ணில் விட்டுச்சென்றிருக்கிறாள். சாராயத்தில் நனைத்த பஞ்சுக்கம்பி ஒன்று அந்தத் துளைக்குள் போய்வந்திருந்தால்? அழுக்கு என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் துடைத்தெறியலாம்.

களிமண் தண்டில் துளைகூடப் பேசும். அமெரிக்கத் தொல்லியலாளர் ஜே. சி. ஹாரிங்டன் 1954இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதித் தண்டுகளில் துளை ஓர் அங்குலத்தின் 64 பாகங்களில் 9 பாகமாகப் பெரிதாக இருந்தது; காலம் போகப்போகச் சிறுத்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 4 பாகமாயிற்று. குப்பைமேட்டில் கிடக்கும் தண்டுகளின் துளையைத் துளைக்கம்பியால் அளந்தே குடியிருப்பின் காலத்தைக் கணிக்கலாம் என்றாயிற்று. பின்னர் லூயிஸ் பின்ஃபோர்டு இதற்கு ஒரு சூத்திரமே எழுதினார். (அந்தச் சூத்திரத்தை இறுதிவரை கொண்டுபோனால் 1931 வாக்கில் துளையே இல்லாமல் போகவேண்டும். சூத்திரங்களின் விதி அப்படி.) வாங்கிய உடைந்த சுங்கானில் காற்று தாராளமாகப் போகவேண்டும் என்று துளையைக் குடைந்து அகலமாக்கும் புண்ணியவான்கள் எதை அழிக்கிறோம் என்று அறிவார்களா?

1955இல் செய்த ஒரு பிரையரையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்வரை தொடக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சுங்கான் ஒரு கருவி. புகைத்தால்தான் அது சுங்கான் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. கிண்ணத்துக்குள் கரிப்படலம் தடித்தால் சூட்டில் மரமே வெடித்துவிடும். நாணயத்தின் கனம் மட்டும் விட்டு மீதியைச் சுரண்டுவது புகைத்தவர்களே காலங்காலமாகச் செய்துவந்த பராமரிப்பு. உப்பையும் சாராயத்தையும் கிண்ணத்தில் நிரப்பி ஓரிரவு வைத்துப் பழைய புகையிலையின் நாற்றத்தை இழுத்தெடுப்பதையும் ஒப்புக்கொள்வோம். இவை உட்புறக் காரியங்கள், வாழும் பொருளுக்கு அவசியமானவை. புறத்தே இருக்கும் வடுவை அழிப்பது எந்தப் பயன்பாட்டுக்கு அவசியம்? கருகிய விளிம்போடு புகை குறைந்தா வரும்? விளிம்பைச் சமன் செய்கிறேன் என்று உப்புத்தாளில் கவிழ்த்துத் தேய்க்கும்போது கிண்ணத்தின் உயரம் குறைகிறது, செய்தவன் கண்பார்வையால் அளந்து வைத்த விகிதம் குலைகிறது. போன மரம் போனதுதான். சாயத்தைக் கழுவலாம், பசையைச் சுரண்டலாம், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

இந்தத் தொழிலில் அறியாமையின் பங்கும் குறைவில்லை. பீட்டர்சனின் குழியமைப்புச் சுங்கானில் வாய்க்குழல் தண்டுக்குள் முழுவதும் இறங்காது. சிறிது இடைவெளி வெளியே தெரியும். காலப்போக்கில் தேய்ந்து உள்ளே இறங்க இடம் வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. அதைப் பிழையென்று கருதி, வாய்க்குழலின் அடியை அராவி உள்ளே தள்ளிப் பொருத்திவிட்டுப் ‘பொருத்தம் சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி விற்கிறார்கள். அமெரிக்காவின் கேவூடி சுங்கான்களில் வாய்க்குழலின் நுனியில் திருகுமரையோடு ஓர் உலோக உருண்டை இருக்கும். பழையவற்றில் அதற்கு நான்கு துளை, பிந்தியவற்றில் மூன்று. காலம் சொல்லும் அடையாளம் அது. காற்றோட்டத்துக்குத் தடை என்று ரம்பத்தால் அறுத்தெறிந்துவிட்டு, வாங்குபவருக்கு உபகாரம் செய்ததாக நினைக்கிறார்கள். மீர்ஷாம் என்னும் வெண்கல்லில் செதுக்கிய சுங்கானுக்கு நேர்வதை எழுதவே மனம் வரவில்லை. துருக்கியின் எஸ்கிஷெஹிர் சமவெளியிலிருந்து எடுத்த அந்தக் கல், புகைக்கப்புகைக்கத் தேன்நிறத்திலிருந்து காவிக்கும் கருஞ்சிவப்புக்கும் மாறும். அந்த நிறமேற்றத்துக்காகவே ஆண்டுக்கணக்கில் கைபடாமல் பொத்திப்பொத்திப் புகைத்தார்கள். அதைக் கறை என்று எண்ணித் தேய்த்து மறுபடி வெள்ளையாக்குகிறார்கள்!

கட்டடக் கலையில் இந்தச் சண்டை எப்போதோ நடந்து முடிந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களைச் சுரண்டிச் சுரண்டி ‘தூய’ இடைக்காலத்துக்கு மீட்டெடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதிராக வில்லியம் மாரிஸ் 1877இல் ஒரு சங்கம் தொடங்கினார். சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்றே அதற்குச் செல்லப்பெயர் வழங்கியது. அதற்கும் முன்பே 1849இல் ஜான் ரஸ்கின் மீட்டெடுப்பைப் பொய் என்று அடித்துச் சொல்லியிருந்தார். 1964இன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நின்றுவிடவேண்டும், புதிதாகச் சேர்த்தது புதிதென்றே தெரியவேண்டும் என்று வகுத்தது. கல்லுக்கும் ஓவியத்துக்கும் இது விதியாகிவிட்டது. கையடக்கமான பொருள்கள் மட்டும் இன்னும் சுரண்டுபவர்களின் ராஜ்ஜியத்திலேயே கிடக்கின்றன. ஏனென்றால் அவற்றின் முன்னால் மாரிஸ் யாரும் நிற்கவில்லை, ஒரு சனிக்கிழமை மாலையும் சிறு மோட்டாரும் இருந்தால் எவரும் தொழிலில் இறங்கிவிடலாம்.

பழியை முழுவதும் அவர்கள் தலையில் போடுவதும் நியாயமல்ல. வாங்குபவன் கேட்பதைத்தான் விற்பவன் செய்கிறான். இடப்பக்கம் அழுக்கான சுங்கான், வலப்பக்கம் மின்னும் சுங்கான் என்ற இரட்டைப் படத்தைப் பார்த்து வியப்பவர்களே இந்தச் சந்தையை உருவாக்கினார்கள். கிண்ணத்தில் கர்னாபா மெழுகின் பளபளப்பு இல்லையென்றால் விலை ஏறுவதில்லை. பழமை வேண்டும், ஆனால் முதுமை வேண்டாம் என்பது அவர்கள் நிபந்தனை. பாட்டனாரின் சுங்கான் என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டும், பாட்டனார் அதைத் தொட்டதற்கான அறிகுறி எதுவும் இருக்கவும் கூடாது. இவர்களுக்கு நேர்மாறாக, ஒருமுறைகூடப் புகைக்காத பழைய சுங்கான்களையே தேடித்தேடி வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கும் இன்னொரு வகுப்பாரும் உண்டு. அவர்கள்மீது எங்களுக்குக் கோபமில்லை, சற்றே சலிப்புதான். வாசிக்காத புத்தகங்களைப் பக்கம் அறுக்காமல் அடுக்கி வைப்பவர்களை அறிந்திருப்பதால் வரும் சலிப்பு.

புகைபிடித்தலுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று எவரும் எழுதவேண்டாம். சுங்கான் புகையும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதில் மருத்துவத்துக்கு ஐயமில்லை, எங்களுக்கும் இல்லை. சொல்லப்போனால் புகைக்கும் வழக்கம் அருகிவரும் காலத்தில்தான் இந்தப் பொருள்கள் முற்றிலும் சான்றுகளாக மாறுகின்றன. 1929இல் மக்ரித் ஒரு சுங்கானை வரைந்து, அடியில் இது சுங்கான் அல்ல என்ற பொருள்பட எழுதி வைத்தார். ஓவியத்துக்குப் பொருந்திய அந்த மறுப்பை இன்று சக்கரத்திலிருந்து இறங்கிவரும் ஒவ்வொரு சுங்கானிலும் ஒட்டி விற்கலாம்.

என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், பதில் மிகச் சாதாரணமானது. தொடுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரை இருக்கும் பக்கத்தில் ஈரத்துணிக்கு மேல் எதுவும் படவேண்டாம். உட்புறத்தைச் சுத்தம் செய்யுங்கள், விளிம்பைத் துடையுங்கள், அராவாதீர்கள். பள்ளம் விழுந்த இடத்தை விட்டுவிடுங்கள். தண்டு விரிசல் விட்டிருந்தால் பட்டை போடுங்கள். பட்டை பட்டையாகவே தெரியட்டும். களிமண்ணையும் மீர்ஷாமையும் பழைய அம்பரையும் அறிந்தவர் கையில் கொடுங்கள், அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் சும்மா வையுங்கள். செய்ததையெல்லாம், சேர்த்ததையும் கழித்ததையும் ஒரு தாளில் தேதியோடு எழுதிப் பொருளோடு கொடுங்கள். விற்கும்போது அந்தத் தாளையும் சேர்த்து விற்றுவிடுங்கள். வாய்க்குழல் நொறுங்கிப்போய்ப் புதிது வைத்தே தீரவேண்டும் என்ற நிலை வரும்போது, புதியதில் பழைய நிறுவனத்தின் புள்ளியையோ எழுத்தையோ பதிக்காதீர்கள். நொறுங்கிய துண்டுகளை ஒரு காகித உறையில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள், பல்தடம் இருக்கும் துண்டை முதலில்.